வளையத்தின் வலிமை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். வைணவப் பெரியாராகிய இராமாநுசர் கி.பி. 1017-ஆம் ஆண்டில் இவ்வூரில் தோன்றினார் என்பர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் நெடுங்காலமாகப் புகழ்பெற்றிருந்த இவ்வூர், இன்று ஆலைகள் நிறைந்த ஊராகவும் விளங்குகின்றது.

நம் நாட்டுப் பெருங்கோயில்களைச் சூழ நான்கு வீதிகள் அமைந்திருத்தல் வழக்கம். திருவிழா நாளில் இறைவன் திருவுருவம் அவ்வீதிகளின் வழியே உலா வந்து, புறப்பட்ட இடத்தையே மீண்டும் அடையும். அவ்வீதிகளுள் ஒன்றில் பெருமரம் ஒன்று சாய்ந்து வழியை அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்குக் குடியிருப்போர் என்ன செய்வர்? மறுபுறமாகச் சுற்றிக்கொண்டு செல்வர். சிறிது நேரம் கூடுதலாகும். ஆயினும் எவரும் அடைபட்டுக் கிடக்கமாட்டார். அதே மரம் ஒரு முட்டுச்சந்தில் விழுந்தால் நிலைமை வேறாகும். மரத்திற்கு அப்பால் உள்ள வீடுகள் அனைத்தும் ஊரினின்றும் துண்டிக்கப்பட்டுவிடும்.

இந்த எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டதே, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வளைய அமைப்பு. அதன் இயல்பையும் வரலாற்றையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

பேசும் எந்திரங்கள்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1998-இல் அங்கு உருவான கார்கள் சாலைக்கு வந்தன. ஒரகடத்தில் ரெனோ நிசான் கார் ஆலை 2010-இலும், டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை 2012-இலும் திறக்கப்பெற்றன. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் இன்று பயணம் செய்வோர், வாகனங்களையும் அவற்றின் உறுப்புகளையும் செய்யும் ஆலைகள் பலவற்றைக் காணலாம்.

இத்தகைய கார் ஆலை ஒன்றினுள் நாம் செல்வதாக எண்ணிக்கொள்வோம். இரும்புத் தகட்டாலான கார்க்கூடு ஒன்று மெல்ல நகர்ந்து வந்து ஓரிடத்தில் நிற்கின்றது. இருமருங்கிலும் உள்ள எந்திரக்கைகள் நீண்டு வந்து தகடுகளைப் பற்றவைக்கின்றன. பிறகு அவை விலக, கூடு அடுத்த இடத்திற்கு நகர்கின்றது. இவற்றை இயக்கும் மனிதக் கை அங்கு இல்லை. ஆயின் ஒன்றையொன்று மோதாமல் எந்திரங்கள் எவ்வாறு முறையாகப் பணியாற்றுகின்றன? அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன. 'கூடு வந்துவிட்டது' என்று ஓர் உணர்கருவி அறிவிக்கின்றது. 'தொடங்கு' என்று கட்டுப்படுத்தும் கணினி ஆணையிடுகின்றது. 'முடித்துவிட்டேன்' என்று எந்திரக்கை விடையளிக்கின்றது. ஒரு விநாடிக்குள் இத்தகைய செய்திகள் பல கம்பிகளின் வழியே ஓடுகின்றன.

செய்தி வருவது நின்றுவிட்டால், எந்திரக்கையும் நின்றுவிடல் வேண்டும். ஏனெனில், தனக்கு எதிரே ஒரு தொழிலாளி வந்து நிற்கின்றாரா என்பதைச் செய்தியின்றி அஃது அறிய இயலாது. அறியாத நிலையில் அசையாதிருத்தலே எந்திரத்திற்குக் கற்பிக்கப்பட்டுள்ள ஒழுக்கம். ஆனால், ஓர் எந்திரம் நின்றால் அதற்குப் பின்னுள்ளவையும் நிற்கும். ஆலைக்கு உறுப்புகளை வேளையறிந்து அனுப்பும் அண்டை ஆலைகளும் காத்திருக்க நேரும். விரல் பருமனுள்ள ஒரு கம்பி அறுவதால் ஆயிரக்கணக்கானோர் உழைப்பு முடங்கக்கூடும். எனவே, எந்திரங்களை எவ்வாறு இணைப்பது என்பது பெரியதொரு வினாவாகும்.

ஐம்பதாம் கம்பி

ஓர் ஆலையில் 50 எந்திரங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் தனித்தனியே இணைத்தால் எத்தனை கம்பிகள் வேண்டும்? 50-ஐ 49-ஆல் பெருக்கி, வந்த தொகையைப் பாதியாக்குங்கள். 1,225 கம்பிகள் என்பது விடை. இத்துணைக் கம்பிகளை இழுப்பதும் பேணுவதும் இயலாத செயல்.

நடுவில் ஓர் இணைப்புப் பெட்டியை வைத்து, எல்லா எந்திரங்களிலிருந்தும் அதற்குக் கம்பி இழுக்கலாம். விண்மீனின் கதிர்களைப் போல் தோன்றுவதால் இதனை விண்மீன் அமைப்பு என்பர். இதற்கு 50 கம்பிகள் போதும். ஆயின், அவை யாவும் நெடுந்தொலைவு ஓடி நடுவிடத்தை அடைதல் வேண்டும். நடுப்பெட்டி பழுதுற்றால் அனைத்தும் ஊமையாகும்.

மற்றொரு முறை, எந்திரங்களை மணிகளைப் போல் வரிசையாகக் கோப்பது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று கம்பி செல்லும். இதற்கு 49 கம்பிகளே தேவை. ஒவ்வொன்றும் மிகக் குறுகியது. ஆனால் இது முட்டுச்சந்தைப் போன்றது. பத்தாம் கம்பி அறுந்தால், 10 எந்திரங்கள் ஒருபுறமும் 40 எந்திரங்கள் மறுபுறமுமாகப் பிரிந்துவிடும்.

இப்பொழுது கடைசி எந்திரத்திலிருந்து முதல் எந்திரத்திற்கு இன்னும் ஒரே ஒரு கம்பியை இழுங்கள். வரிசை வளையமாகிவிட்டது. எந்தக் கம்பி அறுந்தாலும் செய்தி மறுபுறமாகச் சுற்றிச் செல்லும்; எந்த எந்திரமும் தனித்து நிற்காது. 49 கம்பிகள் செய்யாத ஒன்றை ஐம்பதாம் கம்பி செய்துவிட்டது. 'இருக்கின்ற கம்பிகளே எல்லாவற்றையும் இணைத்துவிட்டனவே. இது வீண் செலவு அன்றோ?' என்று கணக்குப் பார்ப்பவர் கேட்கக்கூடும். எல்லாம் நலமாக உள்ள நாளில் அது வீணே. இடர் வந்த நாளில் அதுவே காப்பு.

ஆயினும், வளையத்தின் காப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கம்பி அறுந்தால் வளையம் வரிசையாக மாறும். அப்போதும் எல்லாம் பேசிக்கொண்டிருக்கும். ஆனால் இரண்டாம் கம்பியும் அறுந்தால் அமைப்பு இரு துண்டாகிவிடும். ஈண்டு ஓர் அபாயம் மறைந்துள்ளது. முதல் அறுவையினால் எந்தப் பணியும் கெடாமையால், அதனை எவரும் உணராமல் இருத்தல் கூடும். ஆகவே, நல்ல வளைய அமைப்பு அறுவையைத் தாங்குவதோடு, அறுந்தது என்று உடனே அறிவிக்கவும் வேண்டும். அவ்வறிவிப்பைக் கண்டவரும் 'வேலை நடக்கின்றதே' என்று வாளா இராமல், அன்றே அதனைச் செப்பனிடல் வேண்டும்.

பேசும் உரிமை யாருக்கு?

கணினிகளை வளையமாக இணைக்கும் முயற்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர்த் தொடங்கிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபார்மர், நியூஹால் என்னும் இருவர், 1969-இல் இத்தகைய வளையம் ஒன்றைப் பற்றி எழுதினர். அவ்வாய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ் என்பவர் 1972-இல் வேறொரு வளைய முறையை வெளியிட்டார்.

அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு யாது? வளையத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதில் இடப்பட்ட செய்தி, எடுப்பார் இல்லையேல் ஓயாது சுற்றிக்கொண்டே இருக்கும். மேலும், பொதுவான வழியில் பலரும் ஒரே நேரத்தில் பேசினால் எவர் பேச்சும் விளங்காது. எனவே, யார் பேசுவது, பேசியதை யார் அகற்றுவது என்னும் ஒழுங்கு வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில், மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் 1970-களில் உருவான கேம்பிரிட்ஜ் வளையம், காலிப்பெட்டி முறையைக் கையாண்டது. வட்டப்பாதையில் ஓயாது சுற்றும் சரக்குப் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். காலிப்பெட்டி வரும்போது, செய்தி அனுப்ப விரும்பும் கணினி அதனை நிரப்பும். பெட்டி ஒரு சுற்றுச் சுற்றி மீண்டு வந்ததும், அனுப்பிய கணினியே அதனைக் காலி செய்யும். ஆனால், தான் காலி செய்த பெட்டியைத் தானே உடனே நிரப்பிக்கொள்ளல் ஆகாது. அடுத்தவருக்கு விட்டுவிடல் வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் கைப்பற்றாமல் இருக்க அமைந்த நல்ல விதி இது. அவ்வளையத்தில் விநாடிக்கு 1 கோடி பிட் ஓடின. பிட் என்பது, சுழியம் அல்லது ஒன்று என்னும் ஒற்றைக் குறி. கணினிச் செய்தியின் மிகச் சிறிய கூறு.

மற்றொரு முறை டோக்கன் வளையம் ஆகும். இதனை நம் நாட்டு இரயில் பாதையைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒற்றைத் தண்டவாளம் உள்ள இடங்களில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில் செல்ல டோக்கன் என்னும் அடையாளப் பொருளை ஓட்டுநரிடம் அளிக்கும் முறை பல்லாண்டுகளாகக் கையாளப்பெற்றது. இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டால், அஃது உரிய இடத்தில் மீண்டும் சேரும்வரை மற்றொன்று வெளிவராது. டோக்கன் இன்றி எவ்வண்டியும் அப்பாதையில் செல்லல் ஆகாது.

கணினி வளையத்திலும் சிறு செய்தி ஒன்று டோக்கனாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனைப் பெற்ற கணினிக்கே பேசும் உரிமை. அது செய்தியை அனுப்பும். தன் செய்தி சுற்றி வந்ததும் அதனை அகற்றும். டோக்கனை அடுத்த கணினிக்கு விடுவிக்கும். ஐ.பி.எம். நிறுவனம் இவ்வகை வளையத்தை 1985-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதில் விநாடிக்கு 40 இலட்சம் பிட் ஓடின. பின்னர் அவ்வேகம் நான்கு மடங்காயிற்று.

டோக்கன் வழியில் அழிந்துபோனால் என் செய்வது? அதற்கென வளையத்தில் ஒரு கணினி காவலனாக இருந்தது. டோக்கன் உரிய காலத்தில் வாராவிடில் அது புதிய டோக்கனைப் படைக்கும். தன்னைக் கடக்கும் செய்தியின்மேல் அஃது ஓர் அடையாளம் இடும். அதே செய்தி இரண்டாம் முறையும் வருமாயின், அனுப்பியவர் அகற்றவில்லை என உணர்ந்து அதனை நீக்கிவிடும். காவலனே பழுதுற்றால் மற்றொரு கணினி அப்பொறுப்பை ஏற்கும்.

பின்னர், ஒளியிழையாலான வளையங்கள் தோன்றின. தலைமயிர்போல் மெல்லிய கண்ணாடி இழையின் வழியே ஒளியாகச் செய்தி செல்லும் முறை இது. அவற்றுள் ஒன்றில் இரண்டு வளையங்கள் அருகருகே அமைந்து, ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் செய்தியைச் சுமந்தன. இழை அறுந்த இடத்தின் இருமருங்கிலும் உள்ள கணினிகள், வந்த செய்தியை மறு வளையத்தில் திருப்பிவிட்டன. அதன் வேகம் விநாடிக்கு 10 கோடி பிட் ஆகும்.

கருவி மறைந்தது, கருத்து நின்றது

1973-இல் அமெரிக்காவில் தோன்றிய ஈதர்நெட் என்னும் இணைப்பு முறை, விலை குறைவாலும் எளிமையாலும் பரவிற்று. அலுவலகங்களில் விண்மீன் அமைப்பே பெருகியது. டோக்கன் வளையம் படிப்படியாக வழக்கொழிந்தது. ஆனால் வளையம் என்னும் கருத்து அழியவில்லை. ஈதர்நெட்டையே வளையமாக்கி ஆலைகளில் அமைக்கலாயினர்.

ஈண்டு ஒரு சூழ்ச்சி தேவைப்பட்டது. ஈதர்நெட்டில், எல்லார்க்கும் பொதுவான செய்தி ஒன்று மூடிய வளையத்தில் நுழைந்தால், அஃது ஓயாது சுற்றி வழியையே அடைத்துவிடும். எனவே, வளையத்தில் ஒரு கருவியைத் தலைவனாக நியமிப்பர். அதற்கு இரு வாயில்கள் உண்டு. நலமாக உள்ள காலத்தில் தலைவன் ஒரு வாயிலை மூடியே வைத்திருக்கும். கம்பியால் வளையமாக இருப்பது செய்தியோட்டத்தால் வரிசையாகவே இயங்கும். ஆனால் தலைவன் இடைவிடாது ஒரு வாயில் வழியே சோதனைச் செய்தியை அனுப்பி, அது மறு வாயிலை வந்தடைகின்றதா என்று பார்க்கும். வந்தால் வளையம் முழுமையாக உள்ளது என்பது பொருள். வாராவிடில் எங்கோ கம்பி அறுந்தது என்பது பொருள். உடனே தலைவன் மூடிய வாயிலைத் திறக்கும். செய்தி புதுவழியில் ஓடும். ஆலைகளுக்கென வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தரம் ஒன்றின்படி, 50 கருவிகள் கொண்ட வளையம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கிற்குள் இவ்வாறு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும்.

அத்துணை நேரமும் பொறுக்க இயலாத இடங்கள் உள. மின்சாரத் துணைநிலையங்களில், பழுதுற்ற மின்தொடரை நொடியினும் குறைந்த நேரத்தில் துண்டித்தல் வேண்டும். அங்குக் கையாளப்பெறும் ஒரு முறையில், ஒவ்வொரு செய்தியும் இரு படிகளாக வளையத்தின் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் அனுப்பப்படும். முதலில் வந்த படியைப் பெறுநர் ஏற்பார், பின்வந்ததைத் தள்ளிவிடுவார். ஒரு கம்பி அறுந்தாலும் ஒரு செய்தியும் காணாமற்போவதில்லை. பெரிய கட்டடங்களிலும் ஆலைகளிலும் கூரையில் பொருத்தப்பட்டுள்ள புகை உணர்கருவிகளையும் பல இடங்களில் வளையமாகவே இணைப்பர். தீயே ஒரு பக்கத்துக் கம்பியை எரித்துவிடினும், மறுபக்கத்தின் வழியே எச்சரிக்கை வந்து சேரல் வேண்டும் அன்றோ?

சிற்றூரும் வளையமும்

ஆலைக்குள் காணும் இந்த உண்மை ஆலைக்கு வெளியேயும் பொருந்தும். நகரங்களை இணைக்கும் ஒளியிழைப் பாதைகளைத் தொலைபேசி நிறுவனங்கள் 1990-களிலிருந்தே வளையங்களாக அமைத்தன. அவற்றில் இழை அறுந்தால், ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கிற்குள் செய்தி மறுவழிக்கு மாறுமாறு வகுத்தனர். பேசிக்கொண்டிருப்போர் அம்மாற்றத்தை உணர்வதும் அரிது.

சிற்றூர்களின் நிலை வேறாக இருந்தது. நாட்டின் ஊராட்சிகள் அனைத்திற்கும் ஒளியிழை இணைப்பு அளிக்கும் திட்டத்திற்கு இந்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. பின்னாளில் அது பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. தொடக்கத்தில் இழைகள் பெரும்பாலும் வரிசை முறையிலேயே சென்றன. வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் ஊருக்கும், அங்கிருந்து அடுத்த ஊருக்குமாக அவை நீண்டன. சாலையை அகலப்படுத்தவோ குடிநீர்க் குழாய் பதிக்கவோ மண்ணைத் தோண்டும் எந்திரம் ஓரிடத்தில் இழையை அறுத்துவிட்டால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இணைப்பை இழந்தன. கடைக்கோடி ஊருக்கு இன்னல் மிகுதி; ஏனெனில், தனக்கு முன்னுள்ள எல்லா ஊர்களின் பழுதும் அதனையே வந்து தாக்கும்.

இக்குறையை நீக்க, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2.64 இலட்சம் ஊராட்சிகளை வளைய முறையில் இணைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் உள்ளன. பட்டாவும் சான்றிதழும் இணையத்தின் வழியே பெறப்படும் இக்காலத்தில், ஓர் ஊரின் இழை அறுவது என்பது, அவ்வூரின் முதியவர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்து வெறுங்கையோடு திரும்புவது ஆகும்.

போலி வளையம்

வளையம் அமைப்போர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. செலவைக் குறைக்க எண்ணி, வளையத்தின் இரு கைகளையும் ஒரே பள்ளத்தில் பதித்துவிடுவதே அது. வரைபடத்தில் அழகிய வளையம் தோன்றும். மண்ணிலோ, மண்வெட்டும் எந்திரத்தின் ஒரே வெட்டு இரண்டையும் ஒருங்கே அறுத்துவிடும். பெயரளவில் வளையமாகவும், உண்மையில் வரிசையாகவும் உள்ள அதனைப் போலி வளையம் எனலாம்.

இப்படிப்பினையைக் கடலும் ஒருமுறை புகட்டியது. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், தைவான் தீவின் தென்பகுதிக் கடலில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்பகுதியில் கடலடியில் கிடந்த செய்திக் கம்பிகள் பல ஒருங்கே அறுந்தன. ஒன்று போனால் மற்றொன்று உதவும் என்றிருந்தவையும், ஒரே கடற்பகுதியின் வழியே சென்றமையால் ஒரே இடரில் சிக்கின. கிழக்காசிய நாடுகள் பலவற்றில் இணையத் தொடர்பு குன்றியது. கப்பல்கள் சென்று கம்பிகளைத் தேடி எடுத்துச் செப்பனிட வாரங்கள் பல ஆயின. மாற்றுவழி என்பது வேறு வழியாகவே இருத்தல் வேண்டும் என்பதனை உலகம் அன்று உணர்ந்தது.

மாணவர்களே! அடுத்த முறை நீங்கள் சாலையோரத்தில் ஒளியிழை பதிக்க மண் தோண்டுவதைக் கண்டால், இப்பாடத்தை நினைவுகூர்ந்து பாருங்கள். இவ்விழை எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது? முடியும் இடத்திலிருந்து திரும்பி வர வேறு வழி உண்டா? அவ்வழி வேறு பள்ளத்தில் செல்கின்றதா? இம்மூன்று வினாக்களையும் கேட்கக் கற்றவர், ஆலையையும் ஊரையும் இணைக்கும் கலையின் முதற்படியைக் கற்றவர் ஆவர். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் உள்ள ஆலைகளுள் ஒன்றில் நாளை நீங்கள் பொறியாளராகவோ தொழில்நுட்பராகவோ பணிபுரியக்கூடும். அன்று ஒருவர் உங்களிடம் வந்து, 'ஐம்பதாம் கம்பிக்கு வேலையே இல்லையே, அதனை எடுத்துவிடலாமா?' என்று வினவினால், நீங்கள் கூறவேண்டிய விடையை இப்போதே அறிந்துவிட்டீர்கள்.